பெயர் சூட்டும் முன் பாருங்கள்: டர்பனில் மனிதர்களைப் பற்றி எழுதத் தொடங்குபவர்களுக்கு

கோயில் திருவிழா மலருக்கோ சங்கத்தின் ஆண்டிதழுக்கோ ஒருவரைப் பற்றி முந்நூறு சொல் எழுதித் தாருங்கள் என்று புதியவர்களிடம் கேட்டால் அநேகமாக வருவது இதுதான்: “எளிமையானவர். அன்பானவர். கடும் உழைப்பாளி. எல்லோரிடமும் சிரித்த முகத்தோடு பழகுபவர்.” பெயரை மட்டும் மாற்றி அடுத்த வீட்டுக்காரருக்கும் இதையே போட்டுக்கொள்ளலாம். ஓய்வு பெறும் ஆசிரியை, அன்னதான அடுப்பை வருடக்கணக்காகக் கவனித்துவரும் அம்மா, ஆலய வாசலைக் கூட்டும் ஜூலு இனத்து முதியவர், மூன்று பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தது போல் இருக்கும். எழுதியவருக்கு அவர்கள் மேல் அன்பில்லாமல் இல்லை. ஆளைக் கண்ட முதல் நிமிடத்திலேயே “இவர் இன்ன மாதிரி” என்று மனம் ஒரு பெயரைச் சூட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கானது இந்தக் கட்டுரை. டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் மலர்க் கட்டுரை, அஞ்சலிக் குறிப்பு, முதியோரின் வாழ்க்கைக் குறிப்பு எழுத முன்வருபவர்களை மனத்தில் வைத்து எழுதியது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து இந்த ஊர் மனிதர்களை இன்னும் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவும். வேண்டியவை ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு சந்திப்புக்கான நேரம், எழுதியதை அவரிடமே படித்துக் காட்டும் துணிவு.

இந்த ஊரில் இது ஏன் சின்ன விஷயம் இல்லை

தென்னாப்பிரிக்காவில் முதல் பார்வை ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் கீழ் எழுதிவைத்தது. வெள்ளையர் யார் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கமே “தோற்றத்தில் வெளிப்படையாக அப்படித் தெரிபவர், அல்லது பொதுவாக அப்படி ஏற்றுக்கொள்ளப்படுபவர்” என்ற பொருளில்தான் இருந்தது. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பதும் நடந்தது. ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் வேறு வேறு இனமாகப் பிரிக்கப்பட்டார்கள். எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, யாரைக் கல்யாணம் செய்வது எல்லாம் அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தன. 1991இல் சட்டத்தை நீக்கினார்கள். கண்ணுக்குப் பழகிப்போனது அதோடு போய்விடவில்லை.

நம்மவர்களைப் பற்றி இங்கே எழுதப்பட்ட முதல் வரிகளையும் நினைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பதிவேட்டில் ஆளுக்கு ஓர் எண். பிறகு பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடல் அடையாளம். கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுத்தில் கிடைப்பது அந்த ஒரு வரி மட்டும்தான் என்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. புருவத்தில் தழும்பு என்று இருக்கும். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்க அதில் கட்டம் கிடையாது. நீங்கள் எழுதப்போகும் முந்நூறு சொல் அதைக் கேட்கத்தான்.

மனம் எவ்வளவு வேகமாக முடிவு கட்டுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முகப்படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டினார்கள். இவரை நம்பலாமா, இவர் திறமைசாலியா என்று முடிவு செய்ய அதுவே போதுமானதாக இருந்தது. அதிக நேரம் கொடுத்தபோது முடிவு பெரும்பாலும் மாறவில்லை, அதன் மேல் இருந்த உறுதிதான் கூடியது. எழுதுபவர் கவனிக்க வேண்டியது இந்தப் பின்பாதியை. “நன்றாக உற்றுப் பார்த்துத்தான் சொல்கிறேன்” என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில் பெரிய பயன் இல்லை.

அதற்கும் முன்னால், 1946இல், சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஆறு குணச்சொற்களை எடுத்துக்கொண்டார்: அறிவாளி, உழைப்பாளி, படபடப்பானவர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இந்த வரிசையில் கேட்டவர்களுக்கு அந்த ஆள் மேல் நல்ல எண்ணம் வந்தது. அதே ஆறையும் கடைசியிலிருந்து தொடங்கிச் சொன்னபோது எண்ணம் கெட்டது. நீங்கள் பேட்டி எடுக்கப் போகும் முன்னால் கோயில் செயலாளர் சொன்ன முதல் சொல் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதுதான் உங்கள் கட்டுரையின் முதல் வரியாகக் காத்துக்கொண்டிருக்கிறது.

படி 1: போவதற்கு முன் ஐந்து நிமிடம்

அந்த முதல் சொல்லை மனத்திலிருந்து விரட்ட முடியாது. தாளில் இறக்கிவைக்கலாம். நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். இவரைப் பற்றி என்ன கேள்விப்பட்டேன், சொன்னது யார், போனால் எதைப் பார்ப்பேன் என்று எதிர்பார்க்கிறேன், எதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவேன். நான்காவது வரிதான் அதிகம் உதவும். “இந்த ஆன்ட்டி ஆங்கிலச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படுவேன்” என்று எழுதினால், சமையற்கட்டில் நிற்கிற பெண்ணைப் பற்றி நீங்கள் என்ன முடிவில் போகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள். கட்டுரை முடிந்த பிறகு திறந்து பார்க்க வேண்டும்.

படி 2: பக்கத்தை இரண்டாக மடிப்பது

புதுப் பக்கத்தை நீளவாக்கில் மடியுங்கள். இடது பாதியில் கண்டதும் கேட்டதும், வலது பாதியில் எனக்குத் தோன்றியது. முதல் இருபது நிமிடம் இடது பாதியில் மட்டும் எழுதுங்கள். வலது பாதிக்குக் கை போகும், நிறுத்துங்கள். எதை எந்தப் பக்கம் போடுவது என்று குழப்பம் வந்தால் ஒரு கேள்வி போதும்: இதைக் கைபேசியில் வீடியோ படம் எடுத்தால் படத்தில் வருமா? “சிடுசிடுவென்று இருந்தார்” படத்தில் வராது. “மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை, நான்காவது முறை அருகில் போய் நின்றதும் ‘என்ன?’ என்றார்” வரும்.

இந்த ஒரு வரியிலேயே எவ்வளவு கெடலாம் என்று பாருங்கள். பெரிய வெள்ளியன்று நடக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய நாள், கோயில் அடுப்படியில் ஓர் அம்மா. வயது அறுபத்தெட்டு என்று வைத்துக்கொள்வோம். எழுத வந்தவர் கூப்பிட்டார், பதில் இல்லை. “கோபக்கார ஆன்ட்டி, ஆனால் மனசு தங்கம்” என்று கட்டுரை தயாராகிவிடும். கேட்டுப் பார்த்தால் பல வருடம் துணி ஆலையில் நெசவு இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் வேலை செய்து ஒரு பக்கக் காது மந்தமாகியிருக்கும். இங்குள்ள துணி ஆலைகளில் வேலை செய்து குடும்பத்தை நடத்திய பெண்கள் எத்தனையோ பேர். அந்தப் பெண்ணின் முழு உழைப்பும் அந்தத் திரும்பாத தலையில் இருந்தது. “கோபக்காரர்” என்று எழுதியவருக்கு அது கிடைக்காமலே போகும்.

முடிந்தால் இரண்டு சந்திப்பு, இரண்டு வேறு இடத்தில். ஒன்று அவர் வேலை செய்யும் இடம், இன்னொன்று அவர் உட்கார்ந்து பேசும் இடம். கோயிலில் மட்டும் பார்த்தவரைப் பக்தர் என்றே எழுதுவோம், கடையில் மட்டும் பார்த்தவரை வியாபாரி என்றே எழுதுவோம். இரண்டாவது சந்திப்புக்கு நேரமே இல்லையென்றால் அவரைத் தெரிந்த இரண்டு பேரிடம் பேசுங்கள். அந்த இருவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே கமிட்டியாகவோ இருக்கக் கூடாது.

வழக்கம் தெரியாமல் ஏமாறும் இடங்கள்

இங்கே புதியவர்கள் அதிகம் தவறுவது உடல்மொழியில். ஜூலு மரபில் வளர்ந்த இளையவர் பெரியவரின் கண்ணை நேராகப் பார்க்க மாட்டார், தலை தாழ்த்திப் பேசுவார். கொடுப்பதை இரு கைகளாலும் வாங்குவார். உயரத்தில் நிற்பது மரியாதைக் குறைவு என்று அறைக்குள் வந்ததும் சட்டென்று உட்கார்ந்தும் கொள்வார். இது தெரியாதவர் “கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, ஏதோ மறைக்கிறார்” என்றும் “உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்” என்றும் எழுதிவைப்பார். நம் கிராமங்களிலும் மாமனார் முன்னால் மருமகள் நிமிர்ந்து பார்க்காத காலம் வெகு தூரத்தில் இல்லை. அதை நாம் கள்ளத்தனம் என்று சொன்னதில்லை. மணிக்கட்டில் ஆட்டுத்தோல் வளையம் தெரிந்தால் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் முன்னோருக்குச் சடங்கு நடந்திருக்கும். அதன் பெயர் இசிபாண்ட்லா. விரும்பினால் அவரே சொல்வார், கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்.

நம் வழக்கத்தையும் பிறர் இப்படித் தவறாகப் படித்திருக்கிறார்கள். டர்பன் மாணவி ஒருவர் மூக்குத்தி அணிந்து பள்ளிக்குப் போனதில் எழுந்த வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2007இல் தீர்ப்பானது. பள்ளியின் பார்வையில் அது சீருடை விதிக்கு மாறான நகை. குடும்பத்துக்கு அது பெண் பிள்ளை வயதுக்கு வந்ததை ஒட்டித் தலைமுறையாக வரும் வழக்கம். அந்த வழக்கம் கட்டாயமா, விருப்பமா என்று வாதம் எழுந்தபோது, விருப்பப்பட்டுச் செய்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். எழுதுபவருக்கு இதில் ஒரு வேலை முறை இருக்கிறது. ஒருவர் உடம்பில் அணிந்திருப்பது எதுவானாலும் “இது பொதுவாக எதற்கு?” என்று புத்தகத்தில் தேடுவதற்கு முன்னால் “உங்களுக்கு இது என்ன?” என்று அவரிடமே கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒன்றாக இருக்காது.

பெயரைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும் இங்கே காலை வாரிவிடும். நாயுடு என்றால் தெலுங்கராகவும் இருக்கலாம், தமிழராகவும் இருக்கலாம். பிள்ளை என்றால் சைவர் என்று எழுதினால் அவர் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுபவராக இருப்பார். கப்பலிலும் தோட்டத்திலும் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியது பரம்பரைப் பெயராகி, முதலி மூட்லியானது. தகப்பனாருடைய பெயரே குடும்பப் பெயரானதும் உண்டு. ஆகவே பெயரை அவர் எப்படி எழுதுகிறாரோ, எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே கேட்டு எழுதுங்கள். “மூட்லி தப்பு, முதலியார்தான் சரி” என்று திருத்துவது நம் வேலை இல்லை. அது அவர்கள் நூறு வருடத்துக்கு மேல் சுமந்து வந்த பெயர்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சட்டென்று சொல்லும் இன்னொன்று: “இவர்களுக்குத் தமிழே தெரியாது, பெயருக்குத்தான் தமிழர்.” இதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது. இங்கே பல வீடுகளில் பேச்சு ஆங்கிலம்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த தேவாரத்தைப் பிழையில்லாமல் பாடுகிறவர்கள், மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதை ஒரு வருடமும் தவறவிடாதவர்கள், காவடிக்கு விரதம் இருப்பவர்கள் அவர்கள்தான். இந்த ஊரில் “தமிழ்” என்ற சொல் பேசும் மொழியை மட்டும் குறிப்பதில்லை, வழிபாட்டையும் வீட்டுச் சடங்கையும் சேர்த்தே குறிக்கிறது. அவர் எதைத் தமிழ் என்கிறார் என்று கேட்டு அதை எழுதுங்கள். உங்கள் அளவுகோலைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தாதீர்கள்.

படி 3: ஒரு செயலுக்கு மூன்று காரணம்

வீட்டுக்கு வந்து வலது பாதியை எழுதுங்கள். இடது பாதியில் உள்ள முக்கியமான செயல் ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று காரணம் வேண்டும். முதலாவது உங்களுக்குத் தோன்றியது. இரண்டாவது சூழ்நிலையிலிருந்து வரவேண்டும்: நேரம், இடம், அவசரம், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அவர் வாயிலிருந்து வரவேண்டும். அது இல்லையென்றால் அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வேலைக்குத் தாமதமாக வரும் ஒருவர். முதலில் தோன்றுவது, பொறுப்பில்லாதவர். சூழ்நிலை: உம்லாசியிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வர இரண்டு டாக்சி மாற வேண்டியிருக்கலாம். அந்தச் சிற்றுந்து டாக்சிகள் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், அட்டவணை கிடையாது. இருள் பிரியும் முன்னே வீட்டை விட்டுக் கிளம்பியவரைத்தான் நாம் சோம்பேறி என்கிறோம். நாம் தாமதமாகப் போனால் போக்குவரத்தைச் சொல்வோம், பிறர் தாமதமாக வந்தால் குணத்தைச் சொல்வோம். இது மனிதரிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம், உளவியலில் நெடுநாளாகப் பேசப்படுவது. இரண்டாவது காரணத்தைக் கட்டாயமாக எழுதவைப்பதே இதற்கு நாங்கள் கண்ட நல்ல மருந்து.

படி 4: கேட்கும் விதம்

“நீங்கள் எப்படிப்பட்டவர்?” என்று யாரிடமும் கேட்காதீர்கள். நல்ல மனிதர்கள் அதற்குக் கூச்சப்பட்டுச் சும்மா இருப்பார்கள். “நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்களேன்” என்று தொடங்குங்கள். “இந்த வேலையில் புதியவர்கள் எங்கே தவறு செய்வார்கள்?” என்ற கேள்வி யாரிடமும் வேலை செய்யும், கேட்டவுடன் கை அசையத் தொடங்கும், அதை இடது பாதியில் எழுதலாம். பதில் நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனத்துக்குள் ஏழு வரை எண்ணுங்கள். நல்ல பேச்சு பெரும்பாலும் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும்.

அழைக்கும் முறையிலேயே பாதி வெற்றி. நம்மவர்களில் மூத்தவர்கள் அங்கிள், ஆன்ட்டி. ஜூலு மூத்தவர்களை பாபா, மாமா, கோகோ என்பார்கள். ஜூலுவில் பாபா என்றால் அப்பா. மாமா என்றால் அம்மா; ஆண்பிள்ளையை அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள். கோகோ பாட்டி. வீட்டு வேலை செய்பவரையும் தோட்ட வேலைக்காரரையும் முதலாளிகள் தங்கள் வாய்க்கு வசதியாக வைத்த ஆங்கிலப் பெயரிலேயே இன்னும் பல இடங்களில் கூப்பிடுகிறார்கள். அவருடைய முழுப் பெயரையும் குடும்பப் பெயரையும் கேட்டு எழுதுங்கள். பல வருடமாக வருகிறவரின் குடும்பப் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

படி 5: எழுதும்போது பெயர்ச்சொல்லைக் குறைத்து வினைச்சொல்லைக் கூட்டுவது

இதுதான் இந்த வேலையின் இதயம். தமிழில் ஒரு செயலை ஒரு ஆளாக மாற்றுவது மிக எளிது. ஒரு விகுதி போதும். குடித்தார், குடிகாரர். கடன் வாங்கினார், கடன்காரர். சண்டை போட்டார், சண்டைக்காரர். ஒரு நாள் செய்தது “காரர்” சேர்ந்ததும் ஆயுள் முழுவதற்கும் ஒட்டிக்கொள்கிறது. எழுதி முடித்ததும் பேனாவை எடுத்து “காரர்”, “ஆனவர்”, “ஆளி”, “குணம் உடையவர்” என்று முடியும் ஒவ்வொரு சொல்லையும் வட்டமிடுங்கள். முந்நூறு சொல்லில் மூன்று வட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மூன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு செயல் இருக்க வேண்டும். “தாராளமானவர்” என்பதை அடித்துவிட்டு “அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டைக்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்” என்று எழுதிப் பாருங்கள்.

பாராட்டுக்கும் இதே விதிதான். நம்மவர் செய்த நல்லதைக் குணமாகவும் பிறர் செய்த நல்லதை ஒரு நாள் நிகழ்ச்சியாகவும் எழுதுவது மனித இயல்பு. கெட்டதில் அப்படியே தலைகீழ். இத்தாலியில் பேட்டைகளுக்கிடையே நடக்கும் குதிரைப் பந்தயத்தில் போட்டியாளர்களின் பேச்சை ஆராய்ந்து 1989இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நம் மலர்களில் தேடிப் பாருங்கள். நம் தலைவர் “உதவும் உள்ளம் கொண்டவர்”. பக்கத்துச் சமூகத்தவர் “வெள்ளத்தின்போது உதவினார்”. இருவரையும் ஒரே இலக்கணத்தில் எழுதுங்கள்.

அடுத்து “ஆம்” விகுதி. பேச்சில் நாம் நேர்மையாகத்தான் இருக்கிறோம்: “அவர் தம்பியோடு பேசுவதில்லையாம்” என்போம். கேள்விப்பட்டது என்று அந்த ஒரு விகுதியே சொல்லிவிடும். எழுதும்போது அழகுக்காக அதை எடுத்துவிடுகிறோம், வதந்தி உண்மையாகிவிடுகிறது. நோட்டில் “ஆம்” போட்டு எழுதிய ஒவ்வொன்றுக்கும் கட்டுரையில் மூன்று வழிதான் உண்டு: யார் சொன்னார் என்று குறிப்பிடுவது, அவரிடமே கேட்டு உறுதி செய்வது, விட்டுவிடுவது.

மூன்றாவது, “ஆனாலும்”, “என்றாலும்”, “கூட”. இந்தச் சின்னச் சொற்களில்தான் மறைந்திருக்கும் எண்ணம் வெளியே தெரியும். “ஜூலு என்றாலும் தமிழ்ப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் அடிப்பார்.” “ஏழையானாலும் நாணயமானவர்.” “கறுப்பாக இருந்தாலும் களையான முகம்.” எழுதியவர் புகழ்ந்ததாகவே நினைக்கிறார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். “தமிழ்ப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் அடிப்பார்” நன்றாகவே நிற்கிறது. தோல் நிறம் பற்றிய வாக்கியம் அநேகமாக முழுவதுமாகப் போய்விடும், போகட்டும்.

தோற்றம் எழுதவே கூடாது என்பதில்லை. கை, நடை, குரல், வேலை செய்யும்போது உடம்பு வளைகிற விதம், இவை ஆளைக் கண்முன் நிறுத்தும். வயதை எண்ணாகப் போடுங்கள், “தள்ளாத வயது” வேண்டாம். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார் என்று எழுதுங்கள். “முடங்கிக் கிடக்கிறார்” என்றால் அவர் அதில் உட்கார்ந்து கோயில் கணக்கு முழுவதும் பார்ப்பது மறைந்துபோகும்.

சில சொற்களைத் தொடவே கூடாது. பழைய தமிழ்ப் பேச்சில் புழங்கிய “காப்பிரி”, “காப்பிலி” இரண்டும் இந்த நாட்டில் கறுப்பின மக்களை இழிவு செய்ய நூற்றாண்டுக் கணக்கில் பயன்பட்ட அதே வசைச்சொல்லின் உறவு. அந்த வசைச்சொல்லுக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனையே விதித்திருக்கிறது. தமிழில் சொன்னால் புரியாது என்று நினைப்பவர்கள் தவறாக நினைக்கிறார்கள். புரியாவிட்டாலும் சொல்லத் தகாதது. “கூலி” என்பது தமிழ்நாட்டில் சம்பளம். இங்கே நம் முன்னோரை மிதித்த வசை. “கலர்ட்” என்ற சொல் வேறு நாடுகளில் அவமதிப்பு, இங்கே கலப்புப் பின்னணி கொண்ட ஒரு சமூகத்தின் பெயராக அவர்களே பயன்படுத்துவது. ஆனாலும் அந்தச் சமூகத்தில் எல்லோரும் அதை ஏற்பதில்லை, ஒருவரைப் பற்றி எழுதும்போது அவரைக் கேட்டுவிடுங்கள். இனத்தைக் குறிப்பிடலாமா என்பதற்கு எளிய சோதனை: அதே இடத்தில் நம்மவர் இருந்தால் “தமிழர்” என்று எழுதியிருப்பீர்களா?

படி 6: படித்துக் காட்டுவது

அச்சுக்குப் போவதற்கு முன்னால் முழுக் கட்டுரையையும் அவரிடம் வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் புரியாவிட்டால் ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ சொல்ல ஒருவரை அழைத்துப் போங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். முகத்தைப் பாருங்கள், எங்கே சிரிப்பு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். தப்பு என்று சொன்னதைத் திருத்துங்கள். வேண்டாம் என்ற உடல்நிலை, மதம், குடும்ப விவகாரத்தை எடுத்துவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உடல்நிலை, மதம் போன்ற விவரங்களைத் தனிக் கவனத்தோடு கையாளச் சொல்கிறது. பிறகு மடித்து வைத்த முதல் பக்கத்தைத் திறங்கள். அந்த நான்கு வரியும் கட்டுரையும் ஒன்றையே சொன்னால், ஒன்று நீங்கள் முதலிலேயே சரியாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டும், அல்லது அங்கே போய்ப் பார்க்காமலே வந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

இவ்வளவும் செய்தும் கெடும் இடங்கள்

“அவர் மட்டும் வேறு மாதிரி” என்பது பெரிய பொறி. ஒரு நல்ல ஜூலு நண்பரையோ நேர்மையான கடைக்காரரையோ பற்றி எழுதி, “எல்லோரும் இவரைப் போல இருந்தால்...” என்று முடித்தால், மற்றவர் எல்லோரையும் பற்றிய பழைய எண்ணத்துக்கு இன்னொரு வேலி போட்டுக் கொடுத்தோம் என்று பொருள். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே இதைச் சுட்டிக்காட்டினார். அவரை விதிவிலக்காக்காதீர்கள், அவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

பயந்துபோய் எதையுமே சொல்லாமல் விடுவது இன்னொன்று. ஊர், வேலை, வழிபாடு, பேசும் மொழி எல்லாம் நீக்கி எழுதினால் ஆளே இருக்க மாட்டார். அஞ்சலிக் குறிப்பில் இறந்தவரைத் தெய்வமாக்குவதும் இதே குறைதான். அவர் பிள்ளைகளோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்து பிறகு தானே போய்க் கதவைத் தட்டினார் என்பதைக் குடும்பம் சம்மதித்துச் சொன்னால், எத்தனை “அன்பின் சிகரம்” போட்டாலும் அதற்கு ஈடாகாது.

தெருக்காவல் குழுவில் ஒருவரை விவரிக்கும்போது

மலரில் தவறாக எழுதினால் ஒருவர் வருத்தப்படுவார். வாட்ஸ்அப் காவல் குழுவில் தவறாக எழுதினால் உயிரே போகலாம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனை ஒட்டி இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் தெருமுனைத் தடுப்புகளில் கறுப்பின மக்கள் நிறம் பார்த்து நிறுத்தப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள், பலர் உயிரிழந்தார்கள். உறுதி செய்யாத செய்திகள் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பறந்துகொண்டிருந்தன. ஆகவே இதை மட்டும் தயவுசெய்து வரிவரியாகப் பின்பற்றுங்கள்.

“சந்தேகத்துக்குரிய கறுப்பு ஆண் நம் தெருவில்” என்று எழுதாதீர்கள். அதில் செயல் எதுவுமே இல்லை. அந்த வரிக்கு அன்று காலை வேலைக்கு நடந்து போகும் நூறு பேர் பொருந்துவார்கள். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் என்ன செய்தார்? நின்றார், நடந்தார், வீட்டு எண்ணைத் தேடினார் என்பதுதான் பதில் என்றால் அனுப்ப எதுவும் இல்லை. நிறுத்திய இரண்டு கார்களின் கதவை இழுத்துப் பார்த்தார் என்றால் அனுப்பலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: நேரம், இடம், செயல், உடை, கையில் இருந்தது, போன திசை, வாகன எண். “காலை 6.40, கோயிலுக்கு எதிர்ச் சந்து, நிறுத்தியிருந்த இரண்டு கார்களின் கதவை இழுத்துப் பார்த்தார், நீல மேலங்கி, சிவப்புத் தொப்பி, பெரிய சாலைப் பக்கம் நடந்து போனார்.” இதில் இனம் இல்லை, ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியது எல்லாம் இருக்கிறது. முகத்தை விவரிக்க முயலாதீர்கள். தங்கள் இனத்தவரல்லாதவரின் முகத்தை நினைவில் வைத்து அடையாளம் காட்டுவதில் மனிதர்கள் அதிகம் தவறுகிறார்கள் என்று 1969 முதல் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் காவல்துறையின் 10111க்கு முதலில், குழுவுக்கு அடுத்து.

நீங்கள் சந்தேகப்பட்டு எழுதிய ஒருவர் குழாய் பழுது பார்க்க வந்தவர் என்று பிறகு தெரிந்தால், அதே குழுவில் அதே நாளிலேயே அதையும் எழுதுங்கள். “காலையில் நான் எழுதியது தவறு. அவர் 14ஆம் எண் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர், வீடு தேடிக்கொண்டிருந்தார்.” முதல் செய்தியை முன்னே அனுப்பியவர்களைக் கூப்பிட்டு இதையும் அனுப்பச் சொல்லுங்கள். மாலையில் அவர் அதே தெரு வழியாகத்தான் டாக்சி பிடிக்கத் திரும்பி நடப்பார்.